தரையில் உட்காரக் கூடாதவள்

கிட்ட வா பிள்ள. இன்னும் கொஞ்சம் கிட்ட. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆவுடை உட்கார்ந்தது, அதில் நாங்கள் யாரையும் உட்கார வைக்கிறதில்லை. இப்படி என் பக்கத்தில் பாயில் உட்காரு. உள்ளே என் கொழுந்தன் கடற்கரை இப்போதுதான் மார்க்கெட்டிலிருந்து வந்து கண்ணசந்திருக்கான். இந்தப் பேச்சு அவன் காதில் விழ வேண்டாம். ஆவுடை அவன் பெண்டாட்டி. எனக்கு ஓரகத்தி.

உங்க அம்மாவுக்கு இடுப்பு ரெண்டும் போச்சு, நெஞ்சும் சரியில்லை, மயக்க ஊசி போட டாக்டரே யோசிக்காங்க. புளியங்குடியில் இதே மாதிரி ஒருத்திக்கு ரெண்டையும் ஒரே நாளில் மாத்தினாங்களாமே, அந்த வீட்டில் கேட்டுட்டு வருவோம்னு பஸ் ஏறி வந்திருக்கே. அப்படித்தானே? சரியான ஆளிடம்தான் வந்திருக்கே. நான் பள்ளிக்கூடம் போனவ இல்லை. ஆனா அவளைத் தூக்கினது, கழுவினது, ஆஸ்பத்திரியில் கூடக் கிடந்தது எல்லாம் நான். அவ புருசனைக் கேட்டா ரெண்டு வார்த்தை சொல்றதுக்குள்ள அழுதுருவான். என்னைக் கேளு, நான் ஒழுங்காச் சொல்லுவேன்.

முதல்லயே சொல்லிருதேன், ஆபரேஷன்ல அவளுக்கு ஒண்ணும் ஆகலை. அது தங்கமான ஆபரேஷன். பயப்படாம மிச்சத்தைக் கேளு.

எங்க வீட்டுக்காரர் பூலுடையார் மூத்தவர், கடற்கரை இளையவன். ரெண்டு பேருக்கும் சேர்ந்து எலுமிச்சம்பழக் கமிஷன் கடை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. கடையில் மிஞ்சின பழம் சாக்குச் சாக்காக வீட்டுக்கு வரும். நானும் ஆவுடையும் தரையில் கொட்டி, பெரிசு ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம், பழுத்து அமுங்கினது ஊறுகாய்க்கு என்று பிரிப்போம். காலை மடக்கி உட்கார்ந்தால் வெயில் தாழ்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டோம். என் கை வேகம். அவள் வாய் வேகம்.

அவ புத்திசாலி பிள்ள. இதை நான் பொறாமையில் சொல்லலை. என் மாமியாரே சொல்லும், "மூத்தவ சாக்கைத் தூக்கட்டும், இளையவ யோசனையைச் சொல்லட்டும்" என்று. என்னை வச்சுக்கிட்டேதான் சொல்லும். ஒரு தடவை அண்ணனும் தம்பியும் சண்டை போட்டுக்கொண்டு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். நான் சாமிக்கு நேர்ந்துக்கிட்டேன். இவள் என்ன செய்தாள் தெரியுமா? கடைக் கதவுக்கு மேலே ஒரு பூட்டு, கீழே ஒரு பூட்டு. மேல் பூட்டுச் சாவியை எங்க வீட்டுக்காரர் சட்டைப் பையில் போட்டாள், கீழ்ப் பூட்டுச் சாவியைத் தன் புருசன் கையில் கொடுத்தாள். ஒருத்தர் இல்லாமல் ஒருத்தர் கடையைத் திறக்க முடியாது. மத்தியானம் ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே சாப்பிட வந்தார்கள். எனக்கு இது தோணுமா? தோணாது. நான் சாமிக்குப் பொங்கல் வச்சதுதான் மிச்சம்.

அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே இழுப்பு. மாசி பிறந்தால் போதும், நெஞ்சுக்குள்ளே பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் கேட்கும். பக்கத்துத் தெருவில் ஒருத்தர் சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை கொடுப்பார். போட்ட கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றுவிடும். முகம் உப்பும், அதை நாங்க சதை போடுதுன்னு நினைச்சோம். வருசக்கணக்காகத் தின்றாள். அந்த மாத்திரைதான் இடுப்பைத் தின்றதாம். தொடை எலும்பின் மேல் குமிழ் ரெண்டும் ரத்தம் ஓடாமல் செத்துப் போச்சு என்று படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார் எலும்பு டாக்டர். உருண்டையா இருக்க வேண்டியது, தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. உயிரோடு நடமாடுகிறவளுக்கு உள்ளே எலும்பு செத்துக் கிடக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்புறம் எங்கே நடமாட? கட்டிலோடு சரி. நான்தான் தூக்குவேன். அவள் கை என் கழுத்தில், என் கை அவள் இடுப்புக்குக் கீழே. கக்கூஸுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், அவளால் குத்த வைக்க முடியாது. ஆம்பிளையிடம் சொல்லுகிற வேலையா அது? கடற்கரை வந்தாலும் "நீங்க போங்க, அக்கா பாத்துக்கிடுவா" என்பாள். எனக்கு அலுப்பே கிடையாது. ஒருநாள் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது என் காதுக்குள்ளே சொன்னாள்.

"அக்கா, எனக்கு மலை ஏற வேண்டாம், தேர் பார்க்க வேண்டாம். கக்கூஸுக்கு நானாப் போயிட்டு நானா வரணும். அந்த ஒண்ணுக்காக ஆஸ்பத்திரியில செத்தாலும் சரி."

"ஏன்ளா, நான் தூக்குதது ஒனக்குக் கசக்கா?" என்று கேட்டேன்.

"கசக்கலைக்கா. அதனாலதான் சொல்லுதேன்" என்றாள். எனக்கு அந்தப் பேச்சு விளங்கலை. அவ பேச்சு பாதி எனக்கு விளங்காது.

பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ரெண்டு டாக்டர். எலும்பு டாக்டர் ஆம்பிளை, மயக்க ஊசி டாக்டர் பொம்பளை. மயக்க டாக்டரம்மா குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டது. இதயமும் பலம் குறைந்து போச்சாம், நெஞ்சு கெட்டுக் கிடக்காம். முழு மயக்கம் கொடுத்தால் திரும்ப மூச்சு வருமா என்று உறுதி சொல்ல முடியாதாம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போக வைக்கலாம், முழிச்சுக்கிட்டே இருக்கணும் என்றது.

எலும்பு டாக்டர், "இப்ப ஒரு பக்கம் மாத்துவோம். அடுத்த பக்கம் சில மாசம் கழிச்சு" என்றார்.

டாக்டரம்மா, "இந்த உடம்பை ரெண்டு தடவை மேஜையில ஏத்தணுமா சார்?" என்று கேட்டது.

"ஒரே தடவையில ரெண்டும்னா நேரம் கூடும், ரத்தம் போகும். அதை இந்த உடம்பு தாங்குமா?" என்று அவர் கேட்டார்.

எங்களை வைத்துக்கொண்டேதான் பேசினார்கள். கடற்கரை, "வேண்டாம் மதினி, வீட்டுக்குப் போயிருவோம், நானும் சேந்து தூக்குதேன்" என்று என் சேலையைப் பிடித்து இழுத்தான். ஆவுடைதான் வாயைத் திறந்தாள்.

"ஒரு காலை நல்லா ஆக்கி விட்டீங்கன்னா அது எந்தக் காலை நம்பி நடக்கும் டாக்டர்? ரெண்டும் ஒண்ணாக் கெட்டுப் போச்சு."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. "முதல்ல ஒரு பக்கம். அது முடிஞ்சதும் நான் ஒங்களைப் பார்ப்பேன். மூச்சு, ரத்த அழுத்தம் எல்லாம் சரியா இருந்தா அடுத்த பக்கம். நான் வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தான். தைச்சு வார்டுக்கு அனுப்பிருவோம். சம்மதமா?"

"சம்மதம். நான் உள்ள பேசிக்கிட்டே இருக்கேன். என் பேச்சு நின்னா நீங்க நிறுத்திருங்க" என்றாள் இவள்.

அந்த ரெண்டு பேரும் நல்ல மனுசங்க. ஊசிக்கு முன்னாடி நாள் கணக்காக ஆவி பிடிக்க வைத்தார்கள், குழலை உறிஞ்சச் சொல்லிப் பழக்கினார்கள். குழலுக்குள்ளே மூணு பந்து இருக்கும், உறிஞ்சினால் மேலே ஏறும். ஆவுடை ஒரு பந்தை ஏத்திவிட்டு என்னைப் பார்த்து, "நீ ஏத்துக்கா பாப்போம்" என்பாள். நான் ஒரே இழுப்பில் மூணையும் ஏத்துவேன். "பாத்தீங்களா, எங்க அக்காளுக்குத்தான் நெஞ்சு. என் நெஞ்சையும் சேத்து அவகிட்ட கொடுத்துட்டான் ஆண்டவன்" என்று நர்ஸுப் பிள்ளையிடம் சொல்லுவாள்.

ஆபரேஷன் அன்றைக்கு வெளியே பெஞ்சில் நானும் எங்க வீட்டுக்காரரும் கடற்கரையும். எங்க வீட்டுக்காரர் வாயே திறக்காத மனுசர். அன்றைக்கு, "ரெண்டாவது பக்கம் ஆரம்பிச்சாச்சா, கேட்டுட்டு வா" என்று என்னைத் திரும்பத் திரும்பக் கதவுக்கு அனுப்பினார். கடைசியில் டாக்டரம்மாவே வெளியே வந்து முகமூடியை இறக்கிவிட்டு, "ரெண்டும் முடிஞ்சது. எனக்கு எலுமிச்சம்பழ ஊறுகாய் போடச் சொல்லிக் கொடுத்துட்டாங்க, உப்பு எவ்வளவுன்னு சொல்லுதப்ப தையல் போட்டாச்சு" என்றது. நான் அந்த அம்மா கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

வார்டுக்கு வந்தபிறகு ஆவுடை சொன்னாள்: "தச்சு ஆசாரி வேலைதான்க்கா. மறைப்புக்கு அந்தப் பக்கம் டொக்கு டொக்குன்னு அடிக்காங்க, ரம்பம் அறுக்கு. மேஜையோட சேந்து ஆடுதது என் உடம்பு. ஆனா வலி மட்டும் என்னுது இல்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு வலிக்குதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

நடந்தாள் பிள்ள. முதலில் இரும்புச் சட்டத்தைப் பிடித்து, பிறகு கம்பு ஊன்றி, பிறகு சும்மா. வீட்டில் உயரமான கக்கூஸ் கட்டினோம். முதல் நாள் தானாக உள்ளே போனாள். நான் வழக்கம்போல் பின்னாலேயே போனேன். "நீ போக்கா" என்றாள். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் சிரிக்கிற சத்தம் கேட்டது. தனியாகச் சிரிக்கிறாள். சந்தோசம்தான். எனக்கும் சந்தோசம்தான். ஆனாலும் அந்தக் கதவுக்கு வெளியே நான் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தேன், கையை எங்கே வைக்கிறது என்று தெரியலை.

அதுக்கு முன்னாடி, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பின அன்றைக்கு டாக்டரம்மா என்னைத்தான் கூப்பிட்டது. "நீங்கதானே பாத்துக்கிடுறவங்க? சொல்லுங்க, என்னென்ன கூடாது?" என்று பாடம் ஒப்பிக்க வைத்தது. தரையில் உட்காரக் கூடாது. குத்த வைக்கக் கூடாது. காலைப் பின்னிப் போடக் கூடாது. ஒப்பித்தேன். "இன்னொண்ணு. இந்தப் புது மூட்டு கழண்டா திரும்ப மாட்ட வலியில்லாம செய்ய முடியாது, மருந்து கொடுத்து உடம்பைத் தளர்த்தணும். ஒரு தடவை தப்பிச்சாங்க. அடுத்த தடவை இந்த நெஞ்சு தாங்கும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்." நான் தலையாட்டினேன். கேட்டுக்கிட்டேன். எனக்குக் காது நல்லாக் கேட்கும்.

அதிலிருந்து வந்ததுதான் அந்த நாற்காலி. போகிற இடத்துக்கெல்லாம் அதைத் தூக்க வேண்டும். தூக்குகிறது யாரு? நான். கல்யாண வீட்டில் எல்லாரும் ஜமக்காளத்தில் இருந்தால் இவள் நாற்காலியில். வளைகாப்பில் பெண்கள் சுத்தி உட்கார்ந்து பாடினால் இவள் தலைக்கு மேலே. கோயில் கொடை விழாப் பந்தியில் ஊரே தரையில் சாப்பிட்டால் இவளுக்கு மட்டும் ஸ்டூல் போட்டு இலை. "கலெக்டரம்மா வந்துட்டாங்க, வழி விடுங்க" என்பார்கள். அவள் சிரிப்பாள், "மனு இருந்தாக் கொடுங்க" என்பாள். என்னிடம், "என்ன உலகம்மா, ராணிக்குச் சிம்மாசனம் தூக்கிட்டு வாரியா?" என்பார்கள். எனக்குச் சிரிக்க வராது. மூத்தவ நான். தரையில் கிடக்கேன். இளையவ முழங்கால் என் மூஞ்சிக்கு நேரே. அவளைக் குத்தம் சொல்லலை, டாக்டர் சொன்னதுதானே. ஆனாலும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல?

பிறகு எங்க வீட்டுக்காரர் போனார். மார்க்கெட்டில் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாக்கின் மேல் சாய்ந்துவிட்டார். கோணி ஊசி கையிலேயே இருந்ததாம். நோய் இல்லை, படுக்கை இல்லை. காலையில் என் கையால் நீராகாரம் குடித்துவிட்டுப் போன மனுசர்.

நடுவீட்டில் பாயை விரித்துக் கிடத்தியிருந்தார்கள். எங்க பக்கத்தில் ஒரு முறை உண்டு. புருசன் செத்தவளை, உடம்பு வீட்டை விட்டுப் போகிற வரைக்கும் தனியா விடக் கூடாது. ஓரகத்தி வந்து தோளோடு தோளாகத் தரையில் உட்கார்ந்து கழுத்தைக் கட்ட வேண்டும். அம்மா கட்டலாம், மகள் கட்டலாம், ஆனா ஓரகத்தி கட்டினால்தான் முறை. எனக்கு அம்மாவும் இல்லை, மகளும் இல்லை. எனக்கு ஆவுடைதான்.

எனக்கு அழுகை வரலை பிள்ள. கண்ணில் பொட்டு ஈரம் இல்லை. அவர் கால் பெருவிரலைக் கட்டியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அழுதிரு உலகம்மா, நெஞ்சு அடைச்சுக்கிடும்" என்று சுத்தி இருந்தவர்கள் உலுக்கினார்கள். வரலை. சாம்பிராணியும் ஊதுபத்தியும் வீடெல்லாம் புகை. ஆவுடை எங்கே என்று பார்க்கிறேன், கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். முந்தானையை மூக்கில் பொத்தியிருக்கிறாள். புகை ஆகாதாம்.

எங்க நாத்தனார் வள்ளிமயில் அந்த நேரம்தான் ராஜபாளையத்திலிருந்து வந்து இறங்கினாள். வாசலில் மாரடித்துக்கொண்டே வந்தவள் நாற்காலியைப் பார்த்தாள். "எங்க அண்ணன் தரையில கெடக்கான், இளைய மருமக நாற்காலி போட்டு உக்காந்து வேடிக்கை பாக்கா" என்று ராகம் போட்டு இழுத்தாள். அவள் சொன்னது தப்புதான். அவள்தான் ஆரம்பிச்சது. நான் ஆரம்பிக்கலை. ஆனா அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் நெஞ்சில் என்னவோ எரிந்தது. நிமிர்ந்து ஆவுடையைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏளா, எம் புருசன் கீழ கெடக்காரு. நீ மேல உக்காந்திருக்கே?"

அவள் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தினாள். என் தலையைத் தொட்டாள். "அக்கா, நான் எறங்குனா ஏற முடியாதுக்கா" என்றாள், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"ஒன்ன இடுப்புல தூக்கிச் சுமந்தவளுக்காக ஒருநாள் எறங்க மாட்டியா?" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. வேற ஒண்ணும் சொல்லலை. புருசனைப் பறிகொடுத்தவ வாயில் அந்த நேரத்தில் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? அவளாவது முடியாதுன்னு அழுத்திச் சொல்லியிருக்கலாம். டாக்டர் சொன்னதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டுச் சொல்லியிருக்கலாம். புத்திசாலிதானே? ஊருக்கெல்லாம் பதில் சொல்லுகிற வாய்தானே? எனக்குப் பதில் சொல்லலை.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை முன்னே நீட்டி, மெதுவாக, மெதுவாகத் தரைக்கு வந்தாள். கூட்டத்தில் காலை நீட்ட இடமில்லை. ஒருபக்கமாக மடக்கிக்கொண்டாள். என் தோளோடு தோளாக ஒட்டினாள். கழுத்தைக் கட்டினாள். பழைய பிடி பிள்ள, நான் அவளைத் தூக்குகிறபோது கட்டுவாளே, அதே பிடி. என் தலையைச் சாய்த்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. எங்கே இருந்து வந்ததோ! கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து அழுதேன். என் முழுப் பாரமும் அவள் மடியில். நான் அழுது குலுங்கும்போது என் காதுக்குக் கீழே ஒரு சத்தம் கேட்டது. டக் என்று. முட்டை ஓடு விரிசல் விடுகிற மாதிரி. என் தலையைத் தடவிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. ஒரு மூச்சு நேரம் நின்றது. அப்புறம் மறுபடியும் தடவ ஆரம்பித்தது.

"என்னளா சத்தம்?" என்றேன்.

"ஒண்ணுமில்லைக்கா. நீ அழு" என்றாள்.

நான் அழுதேன். அவளே சொன்ன பிறகு எனக்கு என்ன? நீர்மாலைத் தண்ணி எடுக்கப் போனார்கள், வந்தார்கள், குளிப்பாட்டினார்கள், நெய்ப்பந்தம் பிடித்தார்கள். பாடை வந்து, சங்கு ஊதி, அவரைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவள் அப்படியே இருந்தாள். அண்ணனைத் தூக்குகிற அவசரத்தில் கடற்கரை பொம்பளைக் கூட்டத்துக்குள்ளே திரும்பிப் பார்க்கலை. அவள் நெஞ்சுக்குள்ளே பூனைக்குட்டி கத்துகிறது எனக்குக் கேட்டது. அவள் வாயிலிருந்து ஒரு முனகல் கேட்கலை. என் காதுக்குத் தப்பாது, அவள் முனகலை.

உடம்பு போனதும் பெண்கள் எழுந்தார்கள். வீட்டைக் கழுவ வேண்டும், குளிக்க வேண்டும். நான் எழுந்து அவளுக்குக் கை கொடுத்தேன். அவள் கையை நீட்டலை. "கழண்டிருச்சுக்கா" என்றாள். பார்த்தேன், வலது கால் உள்ளுக்குத் திரும்பிக் குட்டையாகக் கிடக்கு. உதடு நீலம் பூத்திருக்கு. "எப்பளா?" என்று கேட்டால், "இப்பத்தான்" என்றாள்.

அப்புறம் என்ன சொல்ல? வேனில் வைத்து அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போக முடியாது. புதுசாத் தாலி அறுக்கப் போகிறவள் வாசலைத் தாண்டக் கூடாது. கடற்கரை வந்து சொன்னதுதான் எனக்குத் தெரியும். டாக்டரம்மா ஓடி வந்து அவள் தலைமாட்டில் நின்றதாம். புகை உள்ளே போய் நெஞ்சு அடைத்துக் கிடந்ததாம். கொஞ்சம் மருந்து கொடுத்து இழுத்துப் பார்த்தார்களாம், மாட்டலையாம். வேற வழியில்லை, கால் மரத்துப் போகுது, செய்தே ஆகணும் என்று முழு மயக்கம் கொடுக்க மேஜைக்குக் கொண்டுபோனார்களாம். இடுப்பு மாட்டிக்கிச்சாம். நல்லா மாட்டிக்கிச்சாம். மூச்சுதான் திரும்பலையாம். அந்த டாக்டரம்மா வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதாம்.

எங்க வீட்டுக்காரர் சாம்பலுக்குப் பால் தெளித்த அன்றைக்கு அவளைக் கொண்டு வந்தார்கள். அதே நடுவீடு. அதே பாய். அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். எனக்குக் கழுத்தைக் கட்ட ஆள் இல்லை.

நீ கேட்டதுக்குப் பதில் இதுதான் பிள்ள. பண்ணு. உங்க அம்மாவுக்குப் பண்ணு. ரெண்டையும் சேத்துப் பண்ணுவாங்களோ தனித்தனியோ, அது அவங்களுக்குத் தெரியும், மயக்க டாக்டர் தலையாட்டினால் சரி. இவள் இடுப்பு மாத்தின அன்றைக்கு மேஜையில் சாகலை, அந்த வேலையால் சாகலை. வருசம் முழுக்க நடந்தாள், தாழ்ப்பாள் போட்டுச் சிரித்தாள். உங்க அம்மாவை யார் வீட்டுத் துக்கத்துக்கும் அனுப்பாதே, அது போதும். சொந்தக்காரர்கள் வாய் பொல்லாத வாய். வள்ளிமயில் மாதிரி ஒருத்தி எல்லா வீட்டிலும் இருப்பாள்.

எனக்கு ஒண்ணு மட்டும் இன்றைக்கு வரைக்கும் விளங்கலை. நீ படிச்ச பிள்ளை, உனக்கு விளங்குதா பாரு. உள்ளே அவன் அசையுறானா? இல்லை, தூங்குதான்.

வேன் வருகிறதுக்கு முன்னால் நடந்தது இது. அவளை அசைக்கப் பயந்து நாங்கள் எல்லாரும் சுத்தி நிற்கிறோம். ஆம்பிளைகள் சுடுகாட்டிலிருந்து திரும்பவில்லை, ஆள் அனுப்பியிருக்கிறது. அவள் நடுவீட்டில் கிடக்கும்போது எப்படிக் கழுவ முடியும்? வீடு காய்ந்துதான் கிடந்தது. அவள் என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "அக்கா, ஒரு குடம் தண்ணி எடுத்து இந்த எடத்துல ஊத்து" என்றாள்.

"இப்ப எதுக்குளா? ஒன்ன ஏத்தின பெறகு கழுவிக்கிடுவோம்."

"ஊத்துக்கா. அவுக வரதுக்குள்ள ஊத்து."

நான் என்ன நினைச்சேன்? சாவு வீடு கழுவாமல் கிடக்கக் கூடாதுன்னு சொல்லுதா, இந்த வலியிலும் முறையை விடலையேன்னு நினைச்சேன். ஊத்தினேன். அவளைச் சுத்தித் தண்ணி ஓடியது. அவள் கையால் தண்ணியை அள்ளித் தன் சேலையின் பின்பக்கத்தை நனைத்தாள். பாதத்தை நனைத்தாள். மூச்சு வாங்கியது, நிறுத்தி நிறுத்தி நனைத்தாள்.

கடற்கரை ஈர வேட்டியோடு ஓடி வந்து வாசலில் நின்றான். அவளைத் தரையில் பார்த்ததும் அவன் குரல் மாறிப் போச்சு. "யாரு? யாரு இவள எறக்குனது? தரையில உக்கார வச்சது யாரு?" என்று எங்க ஒவ்வொருத்தர் மூஞ்சியாகப் பார்த்தான். என் மூஞ்சிக்கு வந்தான். வள்ளிமயில் தலையைக் குனிந்துகொண்டாள். சுத்தி நின்ற ஒருத்தியும் வாயைத் திறக்கலை. நானும் திறக்கலை. செத்தவ சொன்னதை மாத்த நான் யாரு, அதனால் இன்றைக்கும் திறக்கலை. வீடு கழுவின தண்ணியைத் துடைக்காமல் விட்டோமே என்றுதான் அவன் இன்றைக்கும் புலம்புகிறான், என் கையால்தான் சோறு வாங்கித் தின்கிறான்.

ஆவுடை நனைஞ்ச சேலையைப் பிடித்துத் தூக்கி அவனுக்குக் காட்டினாள். "யாரும் உக்கார வைக்கலை. வீடு கழுவுன தண்ணி, நாந்தான் பாக்காம வந்து வழுக்கிட்டேன்" என்றாள். அப்புறம் மூச்சு இழுத்து, "அக்கா இன்னும் அழுது முடிக்கலை. அவகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க" என்றாள்.